சத்தம் போதாத நாள்

லாரிக்காரர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய இந்த ஒரு நாள்தானா கிடைத்தது?

மனுக்காரி மொட்டை மாடியிலிருந்து நெடுஞ்சாலையை எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கார்கள் போயின, பஸ்கள் போயின. அதெல்லாம் ஒரு சத்தமா? கண்டெய்னர் இல்லை, டேங்கர் இல்லை, ஒரு மணல் லாரிகூட இல்லை.

நாலு வருஷம். இருபத்தொரு மனு. அவளுடைய சொந்தப் பெயரையே தெரு மறந்துவிட்டது. சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவே பன்னிரண்டு அடிச் சுவர் ஒன்று எழுப்புங்கள் என்றுதான் எல்லா மனுவிலும் எழுதினாள். போன வாரம் ஒருவழியாகப் பதில் வந்தது. ஆள் வந்து ஒரு மணி நேரம் சத்தத்தை அளப்பார். சராசரி அறுபத்தைந்து டெசிபலைத் தாண்டினால் சுவர். தாண்டாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்த அதிகாரி இப்போது அவள் மாடியில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று கால் ஸ்டாண்டில் கருவி, மடியில் நோட்டு. எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டதற்கு, "முடியட்டும்" என்று ஒரே வார்த்தை. பரீட்சைத்தாளை மறைக்கும் பையனைப் போல, திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

அரை மணி நேரம் ஓடிவிட்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே இறங்கினாள்.

படுக்கையறையில் கணவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ராத்திரி பஸ் டிரைவர். பகலில்தான் தூங்கியாக வேண்டும். பகலில்தான் இந்தச் சாலை தூங்க விடாது. போன மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, நாற்பது பேரோடு பஸ்ஸைத் தடுப்பில் உரசிவிட்டான். நல்ல காலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை போனால் போகிறது, ஆளே போய்விட்டால்?

இன்று கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். இப்படிப் பார்த்து எத்தனை மாசமாயிற்று! போர்வையை இழுத்துவிடக் கை போனது. விழித்துவிடுவானோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஒரு தூக்கமா, இனிமேல் எல்லா நாளுமா?

அவள் ரொம்ப யோசிக்கவில்லை. விறுவிறுவென்று மெக்கானிக் கடைக்குப் போனாள்.

"தம்பி, தெருவுல இருக்கிற வண்டி எல்லாத்தையும் ரோட்டுல ஏத்து. அரை மணி நேரத்துக்கு ஹாரன்ல இருந்து கைய எடுக்கக் கூடாது."

"என்னக்கா, சத்தம் வேணாம்னுதானே நாலு வருஷமா மல்லுக்கட்டுறீங்க?"

"அதுக்குத்தான்டா சொல்றேன். கெளம்பு!"

தெருவே கிளம்பியது. மெக்கானிக் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு பைக்கை முறுக்கினான். கணக்கு வாத்தியார் ஸ்கூட்டரில் ஏறினார். வண்டி இல்லாத தையல்காரம்மா, நான் மட்டும் இளைத்தவளா என்று சாலையோரம் நின்று குக்கர் மூடியைத் தட்டினாள். பாலம் வரை போய்த் திரும்பி, வளைவு வரை போய்த் திரும்பி, காது கிழிய அடித்தார்கள்.

மனுக்காரி மாடிக்கு ஓடி வந்தாள். கொஞ்ச நேரத்தில் கீழே படுக்கையறை ஜன்னல் திறந்தது. கணவன் சிவந்த கண்ணோடு சாலையைப் பார்த்தான். தினமும் இருப்பதுதானே என்பதுபோல், ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

அதைப் பார்த்தும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து, இன்னும் இன்னும் என்று கையை வீசினாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. அதிகாரி கருவியை நிறுத்தினார். தெருவும் ஹாரனை நிறுத்திவிட்டு வாசலில் வந்து கூடியது.

"அந்த பைக் மட்டும் பதினோரு தடவை போச்சும்மா," என்றார் அதிகாரி. "ரெண்டாவது அரை மணிய நான் சேர்க்க முடியாது. முதல் அரை மணிதான் கணக்கு."

நாலு வருஷ உழைப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், இன்னொரு நாள் வாங்க சார். லாரி ஓடுற நாளா பார்த்து வாங்க. அந்த அரை மணியில குண்டூசி விழுந்தாக்கூட கேட்டிருக்குமே!"

அவர் முதல் தடவையாகத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

எழுபத்தொன்று.

"இது ஹாரன் அடிச்சப்ப வந்ததுதானே?"

"இல்லம்மா. நீங்க கீழ இறங்கிப் போறதுக்கு முன்னாடியே. உங்களுக்குச் சுவர் உண்டு."

வாசலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். அதிகாரி ஸ்டாண்டை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவள் மட்டும் மாடியில் நின்றாள். சாலைப் பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக் கேட்டாள்.

கார்கள் போயின. பஸ்கள் போயின.

அவளுக்கு அமைதியாகத்தான் இருந்தது.