தம்பியின் புது வண்டி

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் புது வண்டி, நிற்காமலே வைக்கோல் கட்டுகளைக் கவ்வி எடுத்து அடுக்கிக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் அண்ணன் ஒவ்வொரு கட்டாகத் தொடையில் ஏற்றி, மூச்சுப் பிடித்து, டிரெய்லர் மேல் நிற்கும் மனைவியிடம் தூக்கிக் கொடுக்கிறான். அவள் கையை நீட்டியபடியே அந்த வண்டியைப் பார்க்கிறாள். அவனோ, ஒரு கட்டையாவது அது தவறவிடாதா என்று பார்க்கிறான், விடுவதாயில்லை. தன் வயலை முடித்த தம்பி வரப்போரம் வந்து நிறுத்துகிறான். "அண்ணே, மழை வந்துரும். உங்க கட்டுகளையும் எடுத்துடறேன்." "எங்களுக்குக் கை இருக்கு. நீ போ." மனைவி கீழே இறங்கி, சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, கொழுந்தனின் வண்டிக்கு வழிவிட்டு டிராக்டரை ஓரங்கட்டுகிறாள். அண்ணன் அடுத்த கட்டைத் தொடையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறான். வாங்க ஆளில்லை.