பதினோரு மணிச் சதி

சுவரோரம் ஓடிய தடித்த குழாய்களுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் கழுகு. ஆய்வகத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் அது.

காலை மணி பதினொன்று. கறுப்புப் பெட்டியொன்றை மார்போடு அணைத்தபடி வந்த புது டெக்னீஷியன் பெண், குவான்டம் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் நுழைந்தாள். ஓசைப்படாமல் கழுகும் பின்னாலேயே நழுவினார்.

அவள் குனிந்து பெட்டியைத் திறந்தாள். அவர் மெஷினுக்குப் பின்னால் பதுங்கி, "பெட்டியைத் திறந்துட்டா. நீ கேட்டை விட்டு நகராதே," என்று வாசல் காவலாளியிடம் வாக்கிடாக்கியில் கிசுகிசுத்தார்.

அடுத்த நிமிடமே பக்கத்து அறையிலிருந்து தலைமை விஞ்ஞானியம்மாவின் குரல் அலறியது. "போச்சு! மறுபடியும் கலைஞ்சு போச்சு!"

கழுகுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. பெண்ணைக் கையோடு கூட்டிப்போய் விஞ்ஞானியம்மா முன்னால் நிறுத்தினார்.

"மேடம், உங்க மெஷினைக் கெடுக்கறது இவதான். திங்கள், செவ்வாய், இன்னைக்கு வியாழன். மூணு நாளும் பின்னாலயே போய் என் கண்ணால பார்த்தேன்."

"பெட்டியில மீட்டர்தான் மேடம் இருக்கு. இந்த வேலையை நம்பித்தான் எங்க வீடே..." அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம்மா."

விஞ்ஞானியம்மா பதிவேட்டைப் புரட்டினார். "நாளெல்லாம் சரியாத்தான் ஒத்துப்போகுது."

பெண்ணின் முகம் வெளிறியது.

"அப்படி என்னதான் மேடம் பண்ணியிருப்பா?"

"சாதா கம்ப்யூட்டர்ல ஒரு பிட்டுன்னா பூஜ்யம், இல்லேன்னா ஒண்ணு. இதுல இருக்கறது க்யூபிட். ரெண்டும் கலந்த நிலையில நிக்கும். அதைத்தான் சூப்பர்பொசிஷன்னு சொல்றோம். அப்படி நிக்கறவரைக்கும்தான் கணக்கு ஓடும். துளி சூடு, அதிர்வு, ரேடியோ அலை, எது பட்டாலும் கலைஞ்சிடும்."

"பார்த்தீங்களா! தெரிஞ்சேதான் செஞ்சிருக்கா."

"ஆனா நேத்தும் இவ இதே பெட்டியோட உள்ள போயிருக்காளே அண்ணே. சாயங்காலம் வரைக்கும் ஒரு கோளாறும் இல்லையே?"

"நேத்து நான் லீவு மேடம். பின்னாலயே போய்ப் பார்க்க ஆள் இல்லையே!"

கழுகின் கையில் வாக்கிடாக்கி கரகரத்தது. விஞ்ஞானியம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை மெல்ல மூடினார்.

"நாளைக்கும் லீவு போட்டுடுங்க அண்ணே."