கழுத்துவரை பவுடர்

அங்கன்வாடி வாசலில் டீச்சர் சத்தியப்பிரியா குனிந்து லக்சிதாவின் கன்னத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைக்கிறாள். அப்பிய பவுடர் விலக, அடியில் நீர் கோத்த கொப்புளங்கள் காலை வெயிலில் மினுங்குகின்றன. “வேர்க்குருதான் டீச்சர்” என்கிறாள் பிள்ளையின் தாய் பாண்டீஸ்வரி. சொல்லும்போதே கண் தரைக்குப் போய்விடுகிறது. வீட்டு வாசல் நிலையில் செருக வேண்டிய வேப்பங்கொத்தை, தெருவுக்குத் தெரியக் கூடாதென்று மகளின் பாயடியில் ஒளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். “அம்மை போட்ட பிள்ளைய உள்ள விட்டா அத்தனைக்கும் ஒட்டிக்கிரும், பாண்டீஸ்வரி. தலைக்குத் தண்ணி ஊத்துன பெறகு கூட்டியா.” “இன்னைக்கும் போகாட்டி ஓட்டல்ல வேற ஆளைப் போட்ருவாக டீச்சர். நான் யாருகிட்ட விட்டுட்டுப் போக, நீங்களே சொல்லுங்க.” டீச்சர் கம்பிக்கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். அம்மை கண்ட வீட்டில் கூடாத தாளிப்பு வாசம் உள்ளேயிருந்து வருகிறது. ஓட்டலாகிவிட்ட பெரிய வீட்டுக்குப் பாத்திரம் கழுவ ஆள் ஏற்றிப்போகும் வேன், தெருமுனையில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புகிறது. லக்சிதா அம்மாவின் முந்தானையில் கழுத்தை உரசிக்கொள்கிறாள். அப்போதுதான் பாண்டீஸ்வரி உள்ளே பார்க்கிறாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். ஒருவன் மட்டும் பாடாமல், முதுகைச் சுவரில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கழுத்துவரை வெள்ளைவெளேரென்று பவுடர். அவனுடைய அம்மா இந்நேரம் அந்த வேனில் உட்கார்ந்திருப்பாள். பாண்டீஸ்வரி வாயைத் திறக்கிறாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்று மட்டும் சொல்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் டீச்சர் கம்பிக்கதவைச் சாத்தி, பத்திரமாகத் தாழ்ப்பாள் போடுகிறாள்.