கல்லுக்கு அந்தப் பக்கம்

விலைமதிப்பில்லாத காட்சி என்று ஜெர்மன்காரர்கள் சத்தியம் செய்யும் ரோன் மலைக்கு விலை இரண்டு யூரோ. மார்க் போய் யூரோ வந்த புதிது. பிரதாப் அதை மனத்துக்குள் ரூபாயாக்கி, அதிர்ந்து, வண்டி நிறுத்துமிடத்துப் பெட்டியில் போட்டான்.

எர்லாங்கனில் இன்ஜினியர் வேலை. ஞாயிறானால் மனைவி நிருபமாவோடு மலை நடை. இந்த மலையில் மரமில்லை, வேலியில்லை. சதுப்பும் ஊதாப் பூப்புதரும் தாண்டி, கண் போகிற தூரமெல்லாம் வானம். கால் போன போக்கில் போகலாம் என்றுதான் கூட்டம் வருகிறது.

"அங்க பாருங்க, தமிழ் முகம்!" நிருபமா முழங்கையால் இடித்தாள்.

உச்சியில் ஒரு பழைய கல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர், இந்தப் பக்கம் ஒரு பெண். அவள் சோற்றுப் பெட்டியைக் கல்மேல் வைக்க, அவர் எடுத்துச் சாப்பிட்டார். வாய் மென்றாலும் கண் நாலா பக்கமும் அலைந்தது.

"புருஷன் பொண்டாட்டி இப்படியா உக்காருவாங்க? இது அந்தக் கேஸ்தான்."

"உனக்கு எல்லாமே கேஸ்தான்."

திடீரென்று ஐஸ் கலந்த மழை. பெண் இருந்த பக்கம் பத்தடியில் ஒரு மரக்குடில். பிரதாப்பும் நிருபமாவும் ஓடி ஒதுங்கினார்கள். உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர் மட்டும் இருந்த இடத்திலேயே நனைந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"நீ உள்ள போ, றீற்றா!"

"நீங்கள் இருமிச் சாவியள், நான் கூரைக்குள்ள இருந்து பாக்கவோ?" அவளும் அசையவில்லை.

பிரதாப்புக்குப் பொறுக்கவில்லை. குடையோடு போனான். "ஸார், உள்ள வாங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"ஏலாது தம்பி. இந்தக் கல்லோட ஹெஸ்ஸன் மாநிலம் முடியுது, உங்கட பக்கம் பவேரியா. நான் ஹெஸ்ஸனில பதிஞ்ச அகதி, வழக்கு முடியுமட்டும் தாண்டப்படாது. போனமுறை பிடிபட்டுத் தண்டம் கட்டினனான். இன்னொருக்கா எண்டா ஜெயில்." குடிலைக் கண்ணால் காட்டினார்.

"அப்ப உங்க பக்கமே இறங்கிடுங்களேன்."

"இறங்கினா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கூரையும் இல்லை."

பிரதாப் கல்லைப் பார்த்தான். முழங்கால் உயரம்கூட இல்லை. குழந்தை தாண்டிவிடும்.

பின்னாலேயே வந்த நிருபமா விடவில்லை. "இந்த உடம்போட இவங்களைப் பாக்க வரணுமா? வீட்ல உங்க ஒய்ஃப் தேட மாட்டாங்களா?"

அவர் இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"என்ர மனுசி இவதான், பிள்ளை. கோயில்ல முடிச்சது செல்லாதெண்டு இவவைப் பவேரியாவில போட்டிட்டாங்கள். கலியாணம் ஒண்டு, அகதி வழக்குத்தான் ரெண்டு."