நாலு மார்க்

"நாலே நாலு மார்க்தான் குறைஞ்சது அம்மா! ஒரு வருஷம் வீட்ல இருந்து படிச்சு மறுபடி எழுதினா டாக்டருக்கு இடம் கிடைச்சிடும்!"

"வீட்ல இருக்க வேண்டாம். பிஷ்கேக் காலேஜ்ல பொது அறிவியலுக்கு இடம் கிடைச்சிருக்கு. நாளைக்குக் கிளம்பு."

"கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் ரசாயனம், கொஞ்சம் புழு பூச்சி... எதுக்கும்மா உதவும் அந்தப் படிப்பு?"

"உதவாட்டிப் போகட்டும். கிளம்பு."

பெகாயிமுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். அம்மா ரகாத் ஒரு வார்த்தை சமாதானம் சொல்ல வேண்டுமே! பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு சல்தனாத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"பெத்தவளாடி நீ? பொண்ணு ஆசைப்படுது. ஒரு வருஷம் வீட்ல இருந்தா என்ன குடி முழுகிடும்?"

"நீங்க இதுல தலையிடாதீங்க அக்கா."

சல்தனாத் போகும்போது பெகாயிமின் காதோடு சொன்னாள். "பிடிக்கலேன்னா பாதியில இறங்கி எங்க வீட்டுக்கு வந்துடு கண்ணு. உங்கம்மாகிட்ட நான் பேசறேன்."

மறுநாள் காலை மகளை வேனில் ஏற்றிவிட்ட ரகாத், கையசைக்கக்கூட நிற்கவில்லை. என்ன கல்நெஞ்சம்!

ஊர் எல்லையிலேயே பெகாயிம் இறங்கிவிட்டாள். நேரே சல்தனாத் வீடு.

"வந்துட்டியா தங்கம்! உள்ள வா, சூடா டீ குடி."

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். மூலையில் புதுத் திரை தொங்கியது. சல்தனாத்தின் மகன் உலான், புதுச் சட்டையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

டீ வரவில்லை. வெள்ளை முக்காடு ஒன்று அவள் தலையில் விழுந்தது. அது விழுந்து, திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டால் அந்த ஊரில் கல்யாணம் முடிந்த மாதிரிதான். பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

"அம்மா!"

அந்த அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ரகாத் ஓடிவந்து முக்காட்டைப் பிடுங்கி எறிந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சல்தனாத் சட்டென்று வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"வயசுல பெரியவ படுத்திருக்கேன். என்னைத் தாண்டிப் போனா உன் பொண்ணு விளங்கவே மாட்டா! எங்கே, தாண்டு பார்க்கலாம்!"

ஊரே நடுங்கும் சாபம் அது.

ரகாத் தாண்டினாள். வெளியே நின்று மகளிடம் கையை நீட்டினாள்.

"வாடி!"

"பயமா இருக்கும்மா... சாபம்..."

ரகாத் நீட்டிய கையை மடக்கவில்லை.

"டாக்டருக்கு ரெண்டாம் தடவை எழுதப் போறேன்னு நானும் ஒரு வருஷம் வீட்ல இருந்தேன்டி. உங்கப்பாவைப் பெத்தவங்க இப்படித்தான் குறுக்கே படுத்தாங்க. நான் தாண்டல."