ஒரே ஒரு எதிர் ஓட்டு

முதலில் கெடுதல் செய்தது ஆர்லன்தான். ஹால்வரின் சொந்த மச்சான். பெண்டாட்டி வெர்னாவின் கூடப் பிறந்த தம்பி.

தேர்தலில் ஜெயித்து மாநிலத் தணிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருஷமே, அறிக்கையில் எழுதிவிட்டான்: 'ஹால்வர் என்ற ஓட்டுநர், பனி தள்ளும் அரசு வண்டியைத் தனியார் வீட்டு வாசல்களுக்கு ஓட்டியிருக்கிறார்.'

"நான் என்ன ஊர்வலமா போனேன்? பனியில மாட்டிக்கிட்டிருந்த கிழவிங்களுக்கு வழி பண்ணிக் கொடுத்தேன்!" என்று ஹால்வர் எவ்வளவோ கத்திப் பார்த்தார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, குப்பைக் கிடங்கு கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து மச்சானோடு நேர்ப்பேச்சு கிடையாது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், "வெர்னா, உன் தம்பிகிட்ட அந்த உருளைக்கிழங்கைத் தள்ளச் சொல்லு."

"அக்கா, அத்தானுக்குக் கை எட்டும்னு சொல்லு."

"மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார் ஹால்வர். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தச் சின்ன ஊரில் ஆர்லனுக்கு எதிராக ஒரே ஒரு ஓட்டு விழும். அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தடவை போட்டி கடுமை. எதிராளி டிரெவர் என்ற இளைஞன். மார்லிஸின் காபிக் கடைக்கு வந்தவன், நேராக ஹால்வர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க கதையைக் கேள்விப்பட்டேன் ஐயா. நானா இருந்தா அதையெல்லாம் கண்டுக்கவே மாட்டேன்."

"கண்டுக்க மாட்டியா?"

"மாட்டேன் ஐயா. நம்ம ஆளுன்னா நம்ம ஆளு!"

ஹால்வர் அவன் கையைக் குலுக்கினார். அவனுடைய விளம்பரப் பலகையைத் தானே சுமந்து போய் வாசலில் நட்டார்.

"என் தம்பி தோத்தான்னா உங்களோட பேசவே மாட்டேன்" என்றாள் வெர்னா.

"அப்ப நமக்கு நடுவுல பேச ஒரு ஆள் பார்க்கணுமே!"

தேர்தலுக்கு மறுநாள் காலை. மயிரிழையில் ஆர்லன் ஜெயித்திருந்தான். ஆனால் காபிக் கடையில் பேச்சு அதைப் பற்றி இல்லை, ஊர்க் கணக்கைப் பற்றி. ஊர் ஓட்டுகளை எண்ணுகிறவளும் மார்லிஸ்தான்.

"நம்ம ஊர்ல டிரெவருக்கு எவ்வளவு தெரியுமா? முட்டை!"

"ஒண்ணு இருக்கணுமே?" என்றார் ஒருவர்.

"இல்லியே! ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம போட்டாச்சு. ஒரு சீட்டுகூட வெறுமையா இல்ல. எல்லாம் ஆர்லனுக்கு!"

கடையே ஹால்வர் பக்கம் திரும்பியது.

"பலகை நட்ட கைதானா அது?"

"நீ தப்பா எண்ணியிருப்பே" என்றார் ஹால்வர். காது சிவந்துவிட்டது.

"ரெண்டு தடவை எண்ணினேன்" என்றாள் மார்லிஸ்.

பக்கத்தில் இருந்த வெர்னா தன் தட்டிலிருந்த இனிப்பு ரொட்டியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. ஆர்லன். காதில் வைத்தவள், ஸ்பீக்கரில் போட்டு அதைப் புருஷனிடம் நீட்டினாள்.

"அத்தான், மார்லிஸ் சொன்னாங்க. ரொம்ப நன்றி."

"நன்றி யார் கேட்டா? மன்னிப்புக் கேளு."



"அது முடியாது அத்தான். வண்டி அரசாங்கத்தோடது. நாளைக்கு நீங்க மறுபடி ஓட்டினாலும் எழுதுவேன்."

ஹால்வர் போனை மேஜைமேல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்கல்ல? வந்தவன் கண்டுக்க மாட்டேன்னான். இவன் சொந்த அத்தானையே விட மாட்டேங்கிறான். நீங்களா இருந்தா யாருக்குப் போடுவீங்க?"

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆனா அந்த மன்னிப்பு இன்னும் எனக்கு வரணும். அதை நான் விடுறதா இல்ல!"