பகல் தூக்கம்

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அங்கம்மாள் மறுபடியும் இடுப்பில் குடத்தோடு மாடிப்படி ஏறுவதை, முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள் காவேரி.

"நான் ஒரு குடம் கேட்டா இல்ல. மாடிக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்று முணுமுணுத்தாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டை நடுவில் தடுத்து, ஒரு பாதியில் வீட்டுக்காரி அங்கம்மாள், மறுபாதியில் காவேரியும் விக்னேஷும். அங்கம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கிறவள். மாடிப்படி அவள் பக்கம் இருந்ததால், குடிவந்து நாலு மாதமாகியும் காவேரி மாடிக்குப் போனதில்லை.

விக்னேஷுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிய விடிய நின்றுகொண்டே வேலை. முதுகு விட்டுப்போகிறது என்று கேள்விப்பட்டு, சிங்கப்பூரில் இருக்கும் காவேரியின் அண்ணன் ஒரு 'மெமரி ஃபோம்' அனுப்பியிருந்தான். மெத்தை மேல் விரிக்கிற இரண்டு அங்குல ஷீட். படுத்தால் உடம்புக்குத் தக்கபடி அமுங்கி, அப்படியே ஏந்திக்கொள்ளும்.

முதுகுவலி போயிற்று. கூடவே தூக்கமும் போயிற்று; ஃபோம் உடம்புச் சூட்டை வெளியே விடவில்லை.

"தோசைக்கல்லு மேல படுத்தா மாதிரி இருக்குது காவேரி" என்று, காலையில் வந்து படுத்தவன் பத்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவான். போன வாரம் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டான். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

காவேரியும் என்னென்னவோ செய்து பார்த்தாள். சாயங்காலமானால் ஃபோமை நிழலில் நிமிர்த்தி வைத்துக் காற்றாட விட்டாள். ஜன்னலில் ஈரத்துணி கட்டினாள். தரையில் தண்ணீர் தெளிக்கலாம் என்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாயில் வீட்டின் ஒவ்வொரு பாதிக்கும் எட்டுக் குடம்தான். அதனால்தான் போய்க் கேட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு குடம் குடுங்க. தரையில தெளிச்சா ரூம் கொஞ்சம் குளிருமேன்னு பார்த்தேன்."

"தரையில ஊத்தினா புழுக்கம்தான் ஏறும்." அங்கம்மாள் ராட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்கூட அவரால தூங்க முடியலக்கா. வேலையே போயிடும் போல இருக்குது."

"அதுக்குத் தண்ணிய வீணாக்குவியா? தரமாட்டேன். போம்மா."

மறுநாளிலிருந்து அங்கம்மாள் மாடிக்குக் குடம் ஏற்றத் தொடங்கினாள்.

"மேல மல்லிச்செடி வெச்சிருக்குது போல" என்றாள் எதிர்வீட்டுக் கமலாட்சி. "மனுஷனுக்கு இல்லாத தண்ணி செடிக்கு இருக்குது பாரு."

காவேரிக்கு மனசு விட்டுப்போனது. கடைத்தெருவில் ஒரு கோரைப்பாய் வாங்கி வந்து ஃபோம் மேல் விரித்தாள். அன்றைக்கு விக்னேஷ் இரண்டு மணி வரை தூங்கினான். அதற்கடுத்த நாள் நாலு மணி வரை. ஒரு வாரத்தில் முகத்தில் தெளிவு வந்துவிட்டது.

"பாய் போட்டதும் சூடு எப்படி அடங்கிச்சு பார்த்தீங்களா?" என்று காவேரிக்கு ஒரே பெருமை. ஆனால் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு வீடு பார்த்து வைத்துவிட்டாள்.

"இப்பதான் நல்லா தூக்கம் வருது. இப்ப போய் ஏன் மாறணும்?" என்றான் விக்னேஷ்.

"ஒரு குடம் தண்ணி தர மனசில்லாதவங்க வீட்டுல எப்படிங்க இருக்கிறது? இன்னைக்கு நானே சொல்லிடறேன். நீங்க தூங்குங்க."

அதைச் சொல்லத்தான் இப்போது முற்றத்தில் காத்திருந்தாள். அங்கம்மாள் இறங்கி வரட்டும்.

இறங்கவில்லை. மேலே குடம் உருளும் சத்தம்தான் கேட்டது. கூடவே யாரோ விழுந்த சத்தம்.

காவேரி ஓடினாள். வளைந்து வளைந்து ஏறிய இருட்டுப் படியைத் தாண்டி மேலே வந்ததும், கீழே யார் வீடு எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.

அங்கம்மாள் ஈரத்தரையில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வழுக்கிடுச்சு."

மல்லிச்செடி எதுவும் இல்லை. மாடியின் ஒரு பாதியில் கோணிச் சாக்குகள் நெருக்கமாக விரித்து, சொட்டச் சொட்ட நனைத்திருந்தது. மறுபாதியில் கால் வைக்க முடியாத சூடு.

காவேரிக்குப் புரிந்துவிட்டது. அங்கம்மாள் தன் அறையைக் குளிர வைத்துக்கொள்கிறாள். அடுத்த சுவரில் ஒருவன் வெந்து கிடந்தால் இவளுக்கென்ன?

ஆனாலும் விழுந்து கிடப்பவளிடம் வீட்டைக் காலி செய்வதைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. கைகொடுத்துத் தூக்கி, படி முகப்பின் நிழலில் உட்கார வைத்தாள். பக்கத்தில் இன்னொரு குடம் நிறையத் தண்ணீரோடு இருந்தது.

"நீங்க உட்காருங்கக்கா. இதை நான் ஊத்தறேன்."

இந்த ஒரு குடமாவது எங்கள் பக்கம் விழட்டும் என்று நினைத்தபடி, காவேரி குடத்தோடு காய்ந்து கிடந்த பாதியை நோக்கி நடந்தாள்.

"அங்க வேணாம்மா" என்றாள் அங்கம்மாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, யாரும் எழுந்துவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்து. "அது என் ரூமு. தம்பி தூங்கறது இந்தச் சாக்குக்குக் கீழதான்."